கிடைத்த பிறகும் தேடப்பட்ட கார்

எங்கள் கார் திருடு போனது ஒரு சனிக்கிழமை. கிடைத்தது செவ்வாய்க்கிழமை. குழப்பம் ஆரம்பித்தது புதன்கிழமை.

வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

என் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கார், ஓர் அம்மா, அவ்வளவுதான் பள்ளி. காரின் கூரைமேல் எல் போர்டு இருக்கும். அம்மா உட்காரும் பக்கத்திலும் காலுக்குக் கீழே ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மிதிக்க மறந்தால் அம்மா மிதிப்பார்.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எனக்கு வயது பத்து. வீட்டில் எல்லாரையும்விடச் சின்னவள் என்பதால் என்னைச் சுண்டுவிரல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு விரல் உதிர்ந்து சுண்டு மட்டும் மிஞ்சியது.

திருடன் யார் என்று இன்றுவரை தெரியாது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் காரை விட்டுவிட்டுப் போயிருந்தான். பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை. சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியை மேலே திருப்பி, ரேடியோவில் வேறு நிலையத்தையும் வைத்திருந்தான்.

"நெட்டையான ஆள்" என்றார் அம்மா. ஈரத்துணியால் ஸ்டீயரிங்கை மூன்று முறை துடைத்தார்.

நான் வழக்கமாக உட்காரும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வேறு யார் வீட்டுக்கோ வந்ததுபோல் இருந்தது. ஆனாலும் கார் கிடைத்துவிட்டது, கஷ்டம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலை, ரொட்டிக்கடையில் வேலை செய்யும் அக்காவுக்கு வகுப்பு. எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா நன்றாகவே ஓட்டுவார். ஆனால் யூனிஃபார்ம் போட்டவர்களைக் கண்டால் அவருக்குக் கை கால் ஓடாது. போன தடவை டெஸ்டில் அதிகாரி, "ம், கிளம்பலாம்" என்றதும் அக்கா காரிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அடுத்த டெஸ்ட் வெள்ளிக்கிழமை. கடை முதலாளி புதிதாக ஒரு வேன் வாங்கியிருந்தார். அக்கா பாஸானால் சனிக்கிழமை முதல் ரொட்டி வேனை ஓட்டும் வேலை அவருக்கு. இல்லையென்றால் அது முதலாளியின் மச்சினனுக்கு.

"அந்த மச்சினன் நேத்தே வேன்ல உக்காந்து ஹாரன் அடிச்சுப் பார்த்தான் மேடம்" என்றார் அக்கா.

"அடிக்கட்டும். நீ ரோட்டைப் பாரு" என்றார் அம்மா.

ரவுண்டானாவுக்கு வந்தோம். அங்கே பெரிய மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு சின்ன மெஷின். போகிற வண்டிகளின் நம்பர்களை அது தானே படிக்கும். எங்கள் காரைப் பார்த்ததும் அது கீ கீ என்று கத்தியது.

"ஓரமா நிறுத்துங்க."

அக்கா காரை நிறுத்தினார். பிறகு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"கையை எறக்கும்மா. நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் மீசை அங்கிள். "இது திருட்டு வண்டின்னு பட்டியல்ல இருக்கே?"

"திருடினது நான் இல்லை சார். நான் ரொட்டி விக்கிறவ."

அம்மா இறங்கிப் போனார். "சார், இது என் கார்தான். திருடு போச்சு. நேத்து கிடைச்சிடுச்சு. இதோ, பாலத்து போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்த பேப்பர்."

மீசை அங்கிள் பேப்பரை மேலிருந்து கீழே படித்தார். மெஷினைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"பேப்பர்ல கிடைச்சிடுச்சுன்னு இருக்கு. மெஷின்ல கிடைக்கலைன்னு இருக்கு. நான் எதை நம்புறது?"

"காரை நம்புங்க சார். கண்ணு முன்னாடி நிக்குதே."

அவர் யார் யாருக்கோ போன் செய்தார். எங்களை விடுவதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்பே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"சுண்டு, இதை அப்பாகிட்ட சொல்லாதே. கார் காணாமப் போனதுல மூணு ராத்திரி அவர் தூங்கலை. ஏதாவது கார் சத்தம் கேட்டா ஜன்னலுக்கு ஓடினார். நேத்துதான் குறட்டை விட்டுத் தூங்கினார். தூங்கட்டும்."

"சரிம்மா."

அன்று மாலை வகுப்பில் மறுபடி நிறுத்தினார்கள். இந்தத் தடவை பாலத்தின் மேல், வேறொரு போலீஸ்காரர். அக்கா ஒரு கையை மட்டும் தூக்கினார்.

அவர் விட்டதும் அம்மா நேரே பாலத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார். அங்கே புகார்களைப் பதிவு செய்யும் ரைட்டர் எங்கள் புகாரை எடுத்துக் காட்டினார். அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு.

"பாருங்க, நாங்க அடிச்சாச்சு. எங்க வேலை முடிஞ்சுது."

"அப்புறம் ஏன் பட்டியல்ல இருக்கு?"

"அதான் எனக்கும் புரியலை. மேலிடத்துக்கு எழுதிப் போடறேன். பத்து நாள் ஆகும்."

வெளியே வந்து அக்கா காரைக் கிளப்பினார். அந்த ஸ்டேஷனின் வாசலில் நின்ற காவலரே ஓடி வந்து கையைக் காட்டினார். "நிறுத்துங்க, இது திருட்டு வண்டி."

"உள்ளே போய்க் கேளுங்க சார்" என்றார் அம்மா. அவர் குரல் அழுகிற மாதிரியும் இருந்தது, சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

அன்றே அம்மா டெஸ்ட் நடக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பட்டியலில் இருக்கிற காரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். இரண்டு பிரேக் உள்ள காரில்தான் டெஸ்ட் கொடுக்க முடியும். ஊரில் அப்படி இருக்கும் இன்னொரு கார் இஞ்சின் கழற்றப்பட்டு மெக்கானிக்கிடம் கிடந்தது.

அம்மா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா உள்ளே வந்ததும், "டீ போடட்டுமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார்.

வியாழக்கிழமை காலை ரவுண்டானாவில் மெஷின் மறுபடி கத்தியது.

"எனக்கு உங்களைத் தெரியும்மா. ஆனா மெஷின் கத்தினா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நான் பார்த்து எழுதணும்" என்றார் மீசை அங்கிள். அம்மா போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாலத்து ஸ்டேஷனோடு பேசினார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"அங்கிள், அந்த மெஷின்ல எங்க காரைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"திருட்டு வண்டின்னு எழுதியிருக்கு."

"அது தெரியும். வேற?"

அவர் மெஷினைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தார். "நம்பர் சரி. கம்பெனி சரி. நிறம், இளம்பச்சை." காரைப் பார்த்தார். "இது பச்சையா?"

"சாம்பல்" என்றார் அக்கா.

"எனக்கும் சாம்பலாத்தான் தெரியுது. எவனோ தப்பா எழுதியிருக்கான்."

அந்த எவனோ யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கார் சாம்பல் நிறம் என்று அம்மா சொல்வார். கார் பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. உலகத்திலேயே ஒரே ஓர் ஆள்தான் அதை இளம்பச்சை என்று சொல்வார். "வெயில்ல நிறுத்திப் பாரு, பச்சை தெரியும். நாள் முழுக்கக் கண்ணோட வேலை பார்க்கிறவன் நான்" என்று சண்டையே போடுவார்.

அது என் அப்பா.

பாலத்து ஸ்டேஷனில் அம்மா கொடுத்த இரண்டு பக்கப் புகாரை நானும் படித்திருந்தேன். அதில் சாம்பல் என்றுதான் எழுதியிருந்தார். அப்படியானால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பாவின் கடைக்கு நடந்தேன். அப்பா ஒரு கண்ணாடிக்குக் கடுகு அளவு திருகாணி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கார் காணாமப் போனப்போ நீங்க எங்கேயாவது புகார் கொடுத்தீங்களா?"

திருகாணி கீழே விழுந்தது. இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். மேஜைக்கு அடியிலேயே அப்பா மெதுவாகப் பேசினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். சொல்லுங்க."

"அம்மா போன்ல அழுதாளா, மனசு கேக்கலை. உடனே இங்கே பக்கத்துல இருக்கிற சந்தை ஸ்டேஷனுக்கு ஓடிட்டேன். வீட்டுக்கு வந்தா, அம்மா தனியாவே போய் ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கா. எவ்வளவு பெருமையாச் சொன்னா தெரியுமா? நான் முன்னாடியே கொடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அதனால சொல்லலையா?"

"ரெண்டு ஸ்டேஷன் தேடினா சீக்கிரம் கிடைக்குமேன்னும் நினைச்சேன்."

"கிடைச்சப்புறம் போய்ச் சொன்னீங்களா?"

அப்பா விழித்தார். "ஏன் சொல்லணும்? எல்லாம் ஒரே போலீஸ்தானே. அவங்களுக்குள்ள பேசிக்க மாட்டாங்களா?"

திருகாணி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்கப்பா."

அப்பா ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். காரையும் கொண்டு வாருங்கள், கிடைத்ததற்கான பேப்பரையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். இரண்டும் அம்மாவிடம் இருந்தன.

"ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போறேன். நீ அம்மாகிட்ட சொல்லாதே."

"ஞாயித்துக்கிழமை வேண்டாம்பா."

"ஏன்?"

போலீஸ் நிறுத்துவதை அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது இதை அம்மாவிடம் சொல்லக் கூடாதாம். என் வயிற்றுக்குள் இரண்டு ரகசியங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நாளை காலை பத்து மணிக்கு டெஸ்ட்.

நான் யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது. சரி. ஆனால் மெஷின் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே.

"அப்பா, இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்க. அம்மாவை வந்து நம்மளைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. மூணு பேரும் கார்ல போகணும்னு ஆசையா இருக்கு."

அது பொய்யும் இல்லை.

அப்பா போன் செய்தபோது, ஆட்டோவில் வந்துவிடக் கூடாதா என்று அம்மா கேட்டார். பிறகு, "வர்றேன்" என்றார். நாலு மணிக்கு வந்தார். ரவுண்டானா பக்கமே போகாமல் சந்து சந்தாக நுழைந்து வந்திருந்தார். திரும்பும்போதும் காரைச் சந்துப் பக்கமே திருப்பினார்.

"அம்மா, ரவுண்டானா வழியாப் போலாம்" என்றேன்.

அம்மா கண்ணாடியில் என்னை முறைத்தார்.

"ஆமா, அதானே நேர் வழி" என்றார் அப்பா.

வேறு வழியில்லாமல் அம்மா ரவுண்டானாவுக்குத் திருப்பினார். மெஷின் கீ கீ என்று கத்தியது. ஆனால் மீசை அங்கிள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "காலையிலயே பார்த்தாச்சு. போங்க, போங்க."

அம்மா பெருமூச்சு விட்டு வேகத்தைக் கூட்டப் போனார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினேன்.

"அங்கிள், எங்களை நிறுத்துங்க."

"என்னது?"

"ப்ளீஸ் அங்கிள், நிறுத்துங்க."

"முப்பது வருஷத்துல நிறுத்தச் சொல்ற முதல் ஆள் நீதான்" என்றபடி அவர் கையைக் காட்டினார். அம்மா ஓரமாக நிறுத்தினார்.

"எதுக்கு நிறுத்தறாங்க?" என்றார் அப்பா.

"அங்கிள், அந்த மெஷின்ல இருக்கிறதைச் சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். "திருட்டு வண்டி. நிறம், இளம்பச்சை."

அம்மா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார்.

"இளம்பச்சையா?"

அப்பா தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருட்டு வண்டின்னு எதுக்குச் சொல்றார்? கார்தான் கிடைச்சிடுச்சே?"

"நேத்துலேர்ந்து அப்படித்தான் சொல்றாங்க. இது அஞ்சாவது தடவை நிறுத்தறாங்க."

"அஞ்சு தடவையா? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க தூங்கட்டும்னுதான். நீங்க ஏன் புகார் கொடுத்ததைச் சொல்லலை?"

"நீ அவ்வளவு பெருமையா இருந்தியே. அதான் சந்தை ஸ்டேஷன்ல கொடுத்ததைச் சொல்லலை."

மீசை அங்கிள் ஜன்னலில் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா உங்களுக்குப் புரிஞ்சுட்ட மாதிரி இருக்கு. சந்தை ஸ்டேஷன்ல அஞ்சு மணிக்கு மேல எழுத மாட்டாங்க. சீக்கிரம் போங்க."

சந்தை ஸ்டேஷன் ரைட்டர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க சார். கவலையே படாதீங்க. இன்னிக்குக்கூட ரெண்டு பேர் உங்க காரைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போயிருக்காங்க."

"கார் கிடைச்சிடுச்சு சார்."

"அப்படியா? எங்கே?"

"வாசல்ல நிக்குது."

ரைட்டர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவின் பேப்பரைப் படித்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் சுருங்கியது.

"நாங்க தேடறது பச்சைக் கார். இது சாம்பல்."

"பச்சை" என்றார் அப்பா.

"சாம்பல்" என்றார் அம்மா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கியா" என்றார் அப்பா. பதற்றத்தில் நீங்களும் நீயும் கலந்துவிட்டன.

"நம்பர் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டார் அம்மா.

"நம்பர் பலகையை யார் வேணும்னாலும் கழட்டி மாட்டலாம். நிறம் இல்லேன்னா அடையாளமாவது பொருந்தணும். அப்பத்தான் நான் கோடு போட முடியும்." அவர் பக்கத்தைப் புரட்டினார். "அடையாளம்: இடதுபக்கப் பின்கதவின் அடியில் மீன் படம்."

"மீனா?" என்றார் அம்மா. "எங்க கார்ல மீனெல்லாம் கிடையாது சார்."

அப்பா வானத்தைப் பார்த்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்டேஷன் கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. ரொட்டி வேனில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கும் மச்சினனை நினைத்துப் பார்த்தேன்.

"இருக்கும்மா" என்றேன். "நாலு வயசுல ஆணியால கீறினேன்."

"அது கல்லு பட்ட கோடுன்னுதானே நினைச்சேன்?"

"மீன்தான். அப்பாவுக்குத் தெரியும். அவர் பார்த்துட்டார், திட்டலை."

பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் தூசியைத் துடைத்தேன். ரைட்டரும் முட்டி போட்டுக் குனிந்தார்.

"இது மீனா?"

"இது வால். இது வயிறு."

"கண்ணு எங்கே?"

"கண்ணு வரையறதுக்குள்ள அப்பா வந்துட்டார்."

ரைட்டர் ரொம்ப நேரம் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். "சரி, மீன்தான்" என்று எழுந்து, பதிவேட்டைக் காரின் மேலேயே வைத்துச் சிவப்புக் கோடு போட்டார். "இன்னிக்குள்ள பட்டியல்லேர்ந்து நம்பர் போயிடும். அந்த ரெண்டு பேரையும் திரும்பி வரச் சொல்லணும்."

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் அப்பா கேட்டார்.

"வேற ஏதாவது எங்கிட்ட சொல்லாம வெச்சிருக்கியா?"

அம்மா யோசித்தார். "உங்க நீலச் சட்டை தொலையலை. இஸ்திரி போடறப்ப நான்தான் சுட்டுட்டேன்."

"தெரியும். குப்பைக் கூடையில பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சொல்லலை?"

அம்மா சிரிக்க ஆரம்பித்து, கடைசியில் காரை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது. அன்றைக்கு யாரும் கை காட்டாமல் அம்மாவே வழியில் நிறுத்தியது அந்த ஒரு முறைதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. டெஸ்ட் அலுவலகத்தின் வாசலில் அதிகாரி எங்கள் கார் நம்பரைத் தட்டிப் பார்த்தார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

"சரி, உள்ளே கொண்டு வாங்க" என்றார் அதிகாரி.

பிடி தளர்ந்தது. ஆனால் இனிமேல் எல்லாம் அக்காவின் கையில். நானும் அம்மாவும் மதிலோரம் நின்று பார்த்தோம். அதிகாரி, மடிப்புக் கலையாத யூனிஃபார்மோடு, அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கார் கிளம்பியது. வளைந்து போய்க் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தது.

"நேரமாகுதேம்மா" என்றேன்.

"ஆகட்டும். நடந்து வராம கார்லயே வந்தா போதும்" என்றார் அம்மா.

கார் வந்தது. கோட்டுக்குள் நேராக நின்றது. அக்கா ஒரு காகிதத்தோடு இறங்கினார். அதை அம்மாவிடம் நீட்டினார்.

"பாஸ் மேடம்."

"பயமா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்குப் பயம்? ரெண்டு நாளா எத்தனை யூனிஃபார்ம் வந்து நிறுத்தினாங்க. இவர் ஒருத்தர்தான் என்னைத் திருடின்னு சொல்லலை. நல்ல மனுஷன்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் தெருமுனையில் ரொட்டி வேன் வந்தது. அம்மா டீ டம்ளரோடு ஜன்னலுக்கு ஓடிப்போய், திரும்புவதற்கு முன் அக்கா இண்டிகேட்டர் போடுகிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

போட்டிருந்தார்.